கி-யோலுக்குப் படைத்த புட்டு

புகைமணி அலறியது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் மூன்றாம் மாடியில் தவமலர் வீட்டில் அது அலறிய அதே நொடியில், ஐந்து மாதத்துக்கு முன்பே கொரியாவின் சோல் நகரத்தில் எடுத்து முடித்திருந்த பாட்டு வீடியோ ஒன்றில், முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த கி-யோல் தும்மினான். அதுவரை ஒன்பது கோடி முறை பார்க்கப்பட்ட வீடியோ அது. அதில் தும்மல் இருந்ததே இல்லை. அன்றைக்குப் பிறகு யார் எந்த நாட்டில் பார்த்தாலும் இருந்தது.

காரணம் சாம்பிராணி. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து மூன்றரைக்கு வீடு திரும்பிய தவமலர், மகள் மேனுஜாவின் அறையில் ஒரு படத்தைக் கண்டாள். தங்கநிறச் சட்டத்துக்குள் மெலிந்த பையன் ஒருவன். சுற்றிவர வெள்ளைப் பூ, இரண்டு பக்கமும் மின்மெழுகுதிரி. கீழே அவன் பிறந்த தேதி, ஒரு கோடு, அடுத்தாற்போல் அன்றைய தேதி. கொரியப் பாட்டுக்காரர்களின் பிறந்தநாளை ரசிகைகள் இப்படித்தான் கொண்டாடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குப் பூவும் விளக்கும் இரண்டு தேதியும் உள்ள படத்துக்கு ஒரே அர்த்தம்தான். மகளோடு படிக்கிற பையன், இன்றைக்குத்தான் போய்விட்டான். “ஆற்றை பிள்ளையோ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பிராணி போட்டாள். காலையில் அவித்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஒரு தட்டில் வைத்துப் படைத்தாள். புகைமணி அலற, பள்ளியால் வந்த மேனுஜா காற்சப்பாத்தையும் கழற்றாமல் ஓடிவந்தாள்.

“மோர்! கி-யோல் சாகேல்லை. இண்டைக்கு அவனுக்குப் பிறந்தநாள்!”

அம்மாவை டேனிஷில் ‘மோர்’ என்றுதான் கூப்பிடுவாள்; மிச்சத்தையும் டேனிஷிலேயே கத்தினாள். தவமலர் துவாயால் புகையை விசிறியபடி படத்தை மறுபடி பார்த்தாள். “பின்னை ஏன் இப்பிடிக் காய்ஞ்சு போய்க் கிடக்கிறான்?”

வீடியோ எடுப்பதற்கு முன் நாற்பது நாள், வேளைக்கு ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு மட்டும் சாப்பிட்டானாம். மேனுஜா அதைப் பெருமையோடு சொன்னாள். மகள் கோடையிலிருந்து வெள்ளரிக்காயையும் ஓட்ஸையும் தவிர எதையும் தொடாததன் காரணம் தாய்க்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வரும் ஏப்ரலில் ஆர்ஹுஸ் நகரத்தில் கொரியப் பாட்டுகளுக்கு ஆடும் போட்டி; மேனுஜாவின் குழு கி-யோலின் அந்தப் பாட்டுக்கு ஆட இருந்தது. இரண்டாவது பல்லவியில் ஒரு பாய்ச்சல் உண்டு. ஒவ்வொரு ஒத்திகையிலும் மேனுஜாவின் கால் அந்த இடத்தில் மடங்கியது. நாலு மாதமாகக் கெஞ்சியும் ஏசியும் தவமலரால் ஒரு பிடி சோறு அவள் வாயில் வைக்க முடியவில்லை. இனி எலும்புதான் மிஞ்சப்போகிறது என்ற பயத்தில் அவளுக்கு நித்திரை போய்விட்டிருந்தது.

தட்டை எடுக்கத் திரும்பியபோது அது வெறுமையாக இருந்தது. குழம்புகூட மிச்சமில்லை.

“செத்தவனுக்கே படைக்கிறம். உயிரோடை இருக்கிறவனுக்குப் போட்டால் என்ன குறைஞ்சுபோகும்?” என்றாள் தவமலர். அடுத்த நாளிலிருந்து தினமும் படைத்தாள். படுக்கை ஓரத்தில் தன் தட்டோடு அமர்ந்து அவனோடு சேர்ந்து தானும் சாப்பிட்டாள். மகளைப் பார்த்து ‘சாப்பிடு’ என்று ஒரு சொல் சொல்லவில்லை.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குள் வீடியோவில் கி-யோலின் கன்னம் நிரம்பியது. கடைசி வரியில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. அவன் உதட்டோரம் ஒட்டியிருந்த வெள்ளைத் துகளைப் பிரேசிலிலும் மணிலாவிலும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அது புட்டில் போடும் தேங்காய்ப்பூ என்று டென்மார்க்கின் கோல்டிங்கில் ஒரு தமிழ்ப் பெண் எழுதியதும், போலந்துக்காரர்கள் புட்டுக்குழல் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். சோலில் இருந்த நிறுவனம் எல்லாம் திட்டமிட்டதுதான் என்று அறிக்கை விட்டது. பார்த்தவர் தொகை நாற்பது கோடியைத் தாண்டியது. பாற்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவன் குலேந்திரனுக்கு மட்டும் ஒரு முறைப்பாடு இருந்தது.

“இஞ்சை பார், மீன்தலை முழுக்கக் கொரியாவுக்குப் போகுது.”

“நீங்களும் அவனை மாதிரி ஒருக்கா ஆடிக் காட்டுங்கோ, வைக்கிறன்.”

ஜனவரியில் ஒரு நாள் கடும் பனி. மாலை முறைக்கு வரவேண்டியவள் வரமுடியாததால் தவமலர் முதியோர் இல்லத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. “அவனுக்கு மறக்காமல் போட்டு வை” என்று மகளுக்குத் தொலைபேசியில் சொன்னாள். மேனுஜா புட்டைச் சூடாக்கி, செத்தல்மிளகாய்ச் சம்பலும் வைத்தாள். தட்டு குறையவில்லை. வீடியோவைத் திறந்தாள். மற்ற ஆறு பேரும் ஆடிக்கொண்டிருக்க, கி-யோல் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திரைக்கு வெளியே மேனுஜாவையே பார்த்தான். உலகம் முழுக்க அன்று மாலை அப்படித்தான் தெரிந்தது. அவனுக்குச் சுகமில்லையா என்று இருபது மொழியில் கேட்டிருந்தார்கள். மேனுஜா படுக்கையைப் பார்த்தாள். அம்மா வழக்கமாகத் தட்டோடு அமரும் இடம் வெறுமையாக இருந்தது. விருந்தாளியைத் தனியே சாப்பிட விடுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவள் போய் அந்த இடத்தில் அமர்ந்தாள். பிறகு ஒரு விரல்நுனி புட்டு எடுத்து வாயில் வைத்தாள். தட்டில் தானாகவே இன்னொரு விரல்நுனி குறைந்தது. இன்னொரு வாய். அங்கும் இன்னொரு வாய். அவள் எழுந்துபோய்த் தனக்கொரு தட்டு எடுத்துவந்தாள்.

ஏப்ரலில் அந்தப் பாய்ச்சலில் அவள் கால் மடங்கவில்லை, குழுவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அது பிந்திய செய்தி. அந்த ஜனவரி இரவு தவமலர் பனியை உதறிக்கொண்டு வந்தபோது, கழுவுதொட்டியில் இரண்டு தட்டுகள் கிடந்தன. மேசையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கி-யோல் அந்தப் பாய்ச்சலைப் பாய்ந்து நின்று, சட்டைக்கையால் கண்ணையும் மூக்கையும் துடைத்தான். மேனுஜா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

“அம்மா, நாளைக்கு அவனுக்கு உறைப்பைக் கொஞ்சம் குறையுங்கோ. எனக்குக் குறைக்க வேண்டாம்.”