ஆலாத்தித் தண்ணீர்

பாறை பொய் சொல்லாது. சண்முகரத்தினம் அங்கிள் சொல்வார். அதுவும் அலுவலகத் தாளில், கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திச் சொல்வார்.

அவர் என் முதலாளி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவருடைய பொறியியல் அலுவலகம். அவரும் என் அப்பாவும் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள். நிலவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். "இன்னொரு தகப்பன் மாதிரி, கனகேஸ்வரி" என்று அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியம், மூன்று வருடம் என் வாயை அடைத்துவைத்திருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம். அணைகள் வற்றி, கோலாலம்பூர் முழுக்க வாளியும் கையுமாக நின்ற சமயம். சுங்கை பூலோவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் வேண்டும். நூறு மீட்டர் ஆழத்துக்கு ஆழ்துளை போட்டாயிற்று. கருங்கல்லில் ஊறியது என்னவோ பூனை குடிக்கிற அளவுதான். சரி, பாறையைப் பிளந்துவிடலாம் என்றார் அங்கிள்.

பாறையைப் பிளப்பதற்கு வெடி வேண்டாம், தண்ணீரே போதும். துளைக்குள் ரப்பர் அடைப்பை இறக்கி, காற்றடித்து உப்ப வைத்து, அதற்குக் கீழே பம்பால் தண்ணீரைத் திணிக்க வேண்டும். அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பாறை எவ்வளவோ பொறுக்கும். ஒரு கட்டத்தில் விடும். அழுத்தமானியில் முள் சட்டென்று விழுந்தால் பிளந்துவிட்டது என்று அர்த்தம். பிளவு நாம் கை காட்டுகிற திசையில் போகாது. எந்தப் பக்கம் நெருக்கம் குறைவோ அந்தப் பக்கமாக வாய் திறக்கும். பழைய வெடிப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

பழைய வெடிப்புகள் எங்கே ஓடுகின்றன என்று நான் ஒரு வாரம் வெயிலில் அளந்து வரைந்திருந்தேன். எல்லாம் தொழிற்சாலை வேலிக்கு அந்தப் பக்கம் போயின. அங்கே பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் கம்பம், அதாவது முப்பத்தெட்டு வீடுகள் கொண்ட சிற்றூர், குழாய் கிடையாது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கிணறு. துளையிலிருந்து எழுபது மீட்டர்.

"அடைப்ப இன்னும் கீழ இறக்குவம் அங்கிள். மேல பிளந்தா கிணத்துக்குப் போயிடும்" என்றேன்.

"கீழ கல்லு மட்டும்தான் பிள்ளை. தண்ணி மேலதான் இருக்கு. நீர் சும்மா பயப்பிடுறீர்."

தண்ணீர் மேலே இருக்கிறது என்றால் அது யாருடைய தண்ணீர்? அதை நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கோபம் அவர்மேல் அல்ல, என்மேல்.

புதன்கிழமை காலை பம்பை ஓட்டியவன் வாசு. படிப்பு ஆறாம் வகுப்பு, ஆனால் மானியின் முள்ளை முகத்தைப் படிப்பதுபோலப் படிப்பான். அழுத்தம் நூற்று நாற்பதைத் தொட்டபோது பாறை விட்டது. முள் எழுபதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. பிளவு நீண்டுகொண்டிருக்கிறது. பதினோராவது நிமிடம் முள் மறுபடி விழுந்தது, ஒரேயடியாக முப்பதுக்கு. வாசு என்னைப் பார்த்தான்.

"எங்கயோ போய்த் தொட்டுடுச்சு மிஸ்."

நான் கைத்தொலைபேசியில் அங்கிளைக் கூப்பிட்டேன். பங்சாரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லது தானே, இன்னும் அரை மணித்தியாலம் அடியுங்கோ" என்றார். அடித்தோம்.

அரை மணி நேரத்தில் வேலிக்கு அப்பால் குலவைச் சத்தம். போய்ப் பார்த்தால் கிணற்றைச் சுற்றி மொத்தக் கம்பமும் நிற்கிறது. அடியில் சேறாகக் கிடந்த கிணற்றில் ஆளுயரத்துக்குத் தண்ணீர். கோயில் காரியமெல்லாம் பார்க்கிற வீரம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா மிஸ்ஸு. ரெண்டு மாசமா வேண்டினேன்."

"அக்கா, அது நாங்க அடிச்ச தண்ணி. பாறை வழியா வந்திருக்கு. நிக்காது."

"நீங்க அடிச்சா என்ன? உங்கள அடிக்க வச்சது யாரு?" என்றார் சிரித்தபடி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மத்தியானம் தண்ணீர் லோரி வந்தது. ஆத்தா கொடுத்தபின் லோரித் தண்ணீருக்குக் கையேந்தினால் அவளை அவமதிப்பது ஆகாதா? "எங்களுக்கு ஆத்தா குடுத்துட்டா, பாவம், அடுத்த கம்பத்துல ஊத்துங்க" என்று வீரம்மாக்காவே அனுப்பிவிட்டார். ஓட்டுநர் பட்டியலில் கம்பத்தின் பெயரை அடித்துவிட்டுப் போனான். இப்படி ஒரு பெருந்தன்மை, இருக்கிறவனுக்கு வந்து நான் பார்த்ததில்லை. நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும், லோரிக்குக் குறுக்கே நின்றிருக்க வேண்டும். லோரி திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை கம்பத்தில் பொங்கல். கிணற்றம்மாவைக் குளிர்விக்க மூன்று அண்டா மஞ்சள் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றினார்கள். அதே காலையில் வேலிக்கு இந்தப் பக்கம், தொழிற்சாலை மேலாளர் முன்னால் நாங்கள் பம்பைப் போட்டோம். குழாய் திமுதிமுவென்று கொட்டியது. பூனை குடித்த துளையில் யானை குளிக்கலாம் போலிருந்தது. மேலாளர் அங்கிளின் கையைக் குலுக்கினார். அங்கிள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பிளவு இருபது மீட்டரைத் தாண்டவில்லை, சுற்றுப்புறக் கிணறுகளுக்குப் பாதிப்பில்லை என்று அறிக்கை. அதில் என் கையெழுத்துக்கும் ஓர் இடம்.

"பின்னேரம் போடுறன் அங்கிள்" என்றேன். கோழை நான்.

மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது.

மேலாளர் முகம் சுளித்தார். "துரு" என்றார் அங்கிள், ஆங்கிலத்தில், கண் இமைக்காமல். "புதுத் துளை, புதுக் குழாய். ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்."

அந்த நேரத்தில்தான் வீரம்மாக்கா காலி வாளியோடு வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள்.

"கெணத்துல சேறுதான் இருக்கு மிஸ்ஸு. காலைல ஆளு உசரம் இருந்துச்சு. லோரியையும் அனுப்பிட்டோம். புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுக்கிறது?"

அவர் பார்வை குழாய்மேல் விழுந்தது. நடந்து போய்க் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார்.

"இது எங்க மஞ்சளு."

"துரும்மா அது. இரும்புத் துரு" என்றார் அங்கிள். தோட்டத்து ஆட்களிடம் பேசுவதற்கென்றே அவர் ஒரு குரல் வைத்திருந்தார்.

வீரம்மாக்கா வாளியில் அந்தத் தண்ணீரைப் பிடித்தார். இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, இருந்த அத்தனையையும் வழித்து வாளியில் போட்டுக் கையால் கலக்கினார்.

தண்ணீர் சிவந்தது.

கல்யாண வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆலாத்தி கரைத்துப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. அங்கிளின் மகள் கல்யாணத்தில் தட்டில் அதைக் கரைத்துக் கொடுத்ததே நான்தான்.

"துருவுல சுண்ணாம்பு போட்டா செவக்குமா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

அங்கிள் மேலாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலாளர் சீனர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: அது மஞ்சள். அவர்கள் கிணற்றில் காலையில் ஊற்றியது. பிளவு எழுபது மீட்டர் போயிருக்கிறது. நீங்கள் இப்போது இறைத்துக்கொண்டிருப்பது அவர்கள் குடிக்கிற தண்ணீர். புதன்கிழமையே எனக்குத் தெரியும்.

கடைசி வாக்கியத்தை வீரம்மாக்காவுக்காகத் தமிழிலும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது.

வாசு யாரையும் கேட்காமல் பம்பை நிறுத்தினான்.

"போடு அதை" என்றார் அங்கிள். வாசு நகரவில்லை. அங்கிள் என் பக்கம் திரும்பினார். "உம்மட அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"துரு எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

வீரம்மாக்கா வாளியைத் தூக்கினார். அங்கிள்மேல் ஊற்றப்போகிறார் என்றே நினைத்தேன், ஊற்றட்டும் என்றும் நினைத்தேன். அவர் எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்ததுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் காலுக்கு முன்னால் மண்ணில் அதைக் கொட்டினார். அவருடைய கணக்கில் நானும் அங்கிளும் ஒரே ஆள்தான்.

அறிக்கையின் பின்பக்கத்தில் மானி காட்டிய எண்களை எழுதி, கையெழுத்திட்டு மேலாளரிடம் கொடுத்தேன். வேலை அன்றே போயிற்று. அப்பா ஆறு மாதம் பேசவில்லை. துளையை சிமெண்டால் அடைத்தார்கள். கிணறு தானாக ஊற இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை, பட்டியலில் பெயரில்லாத முப்பத்தெட்டு வீடுகளுக்கு லோரி வரவில்லை. பெண்கள் அடுத்த கம்பத்துக்கு நடந்து போய், தாங்கள் விட்டுக்கொடுத்த தண்ணீரைக் கேட்டு வாங்கி வந்தார்கள்.