ரெண்டு என்று சொன்னால் போதும்

…ரெண்டு என்று சொன்னால் போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், துருவித் துருவிக் கேட்டாலும் ரெண்டுதான், கொட்டகலையில் ரயில் ஏறியதிலிருந்து புருசன் சோலைமலை இதையேதான் ஓதிக்கொண்டு வருகிறான், நானு ஓயாவில் இறங்கி பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றபோதும் காதோரம் குனிந்து, "எத்தன புள்ளைங்கன்னு கேட்டா என்னா சொல்லுவ?" என்கிறான், இவள் என்ன கிளிப்பிள்ளையா, பெற்றவளுக்கு எண்ணத் தெரியாதா… தெரியும், அதுதானே வம்பு. அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். நுவரெலியாக் குளிர் தேயிலைத் தோட்டத்துக் குளிர் மாதிரி இல்லை, வேலை செய்தால் விட்டுப்போகிற குளிர் அது, இது சும்மா உட்கார்ந்திருப்பவர்களைத் தேடிப் பிடிக்கிறது. அரசாங்கக் கந்தோர் விறாந்தையில் பெஞ்சு நிறைய ஆட்கள், எந்தெந்தத் தோட்டமோ, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல உடுத்திக்கொண்டு எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். சோலைமலையும் கணக்கப்பிள்ளையிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டிருக்கிறான், கை நீளம், விரல் நுனிதான் தெரிகிறது, வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டே போகிறார்கள்.

பிரஜாவுரிமையாம். அப்பனையும் ஆத்தாளையும் புதைத்த மலையிலேயே பிறந்து, அதே மலையில் பிள்ளை பெற்று, விடிந்தால் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளிடம், நீ இந்த நாட்டுக்காரிதானா என்று ஒருத்தன் மேசை போட்டு உட்கார்ந்து கேட்பதா, வெட்கங்கெட்ட பிழைப்பு… கேட்கிறவனை மட்டும் என்ன சொல்வது, பதில் சொல்ல வந்து நிற்கிறோமே நாம். வோட்டைப் பிடுங்கியபோது அவளுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, வோட்டு அடுப்பில் வேகுமா என்றுதான் கேட்டாள், ஆனால் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆண்டியப்பன் வந்து, பிரஜாவுரிமை கிடைக்காதவர்களை ஒருநாள் இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், பிள்ளைகளுக்கு இங்கே படிப்பும் இல்லை வேலையும் இல்லை என்றபோது அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அதோடு நிறுத்தினாரா, பெண்டாட்டி பிள்ளைகள் அத்தனை பேரும் இங்கேயே இருந்திருக்க வேண்டும், ஒரு பிள்ளை ஊரில் இருந்தாலும் உன் மனசு அங்கேதான் இருக்கிறது என்று தள்ளிவிடுவார்கள் என்றார். பின்னே, மனசு அங்கே இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

காளியாயி. மூத்தவள், தலைச்சன் பிள்ளை, குலதெய்வத்தின் பேர், அந்தச் சாமி கோவிலில் மொட்டை போடுகிறோம் என்று நேர்ந்துகொண்டுதான் ராமேஸ்வரம் கப்பல் ஏறி முசிறிப் பக்கம் போனார்கள், அப்போது கடல் திறந்திருந்தது, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அம்மாக்கண்ணுவுக்கு அது ஊரே இல்லை, வெயிலும் புழுதியும், போன அன்றே திரும்பிவிட வேண்டும் போலிருந்தது. சோலைமலையின் அண்ணன் வீரய்யாவுக்குப் பிள்ளை கிடையாது. அவர் பெண்டாட்டி குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை, மொட்டையில் சந்தனம் தடவித் தடவி, "எங்கிட்ட கொஞ்ச நாளு இருக்கட்டுமே" என்று கேட்டாள், இவன் தலையாட்டிவிட்டான், "அண்ணன் கேட்டு எப்புடி புள்ள இல்லேங்கிறது, அடுத்த வருசம் வந்து கூட்டிக்கலாம்" என்று. அடுத்த வருசம்! அதற்குள் சட்டம் வந்தது, பெர்மிட்டு என்றார்கள், பாஸ்போர்ட்டு என்றார்கள், போனால் திரும்பி வர முடியாது என்றார்கள், கடலை யாரோ கதவு போல இழுத்துச் சாத்திவிட்டார்கள். அழுவாள் என்று தூங்கும்போதே விட்டுவிட்டு வந்தது, ஒருக்களித்துப் படுத்திருந்தாள், சந்தனம் காய்ந்து வெடித்த அந்தச் சின்ன மொட்டைத்தலைதான்… இப்போது முடி இடுப்புவரை வளர்ந்திருக்கும், யார் பேன் பார்க்கிறார்களோ, அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் அந்த மொட்டைதான் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது, பாவி நெஞ்சு.

பிள்ளை செத்துப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று சோலைமலைதான் முதலில் இழுத்தான், "ஒங்க வாயில மண்ணப் போட" என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். செத்தால் அதற்கும் மரணப் பதிவுத் துண்டு காட்ட வேண்டும் என்றார் ஆண்டியப்பன், காளியாயி இவர்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது பிறந்தவள், இந்தத் தோட்டத்தில் அவளைப் பார்த்தவர்களே கிடையாது, அதனால் பிறக்கவே இல்லை என்றுவிட்டால் தீர்ந்தது. செத்தவர்களுக்குக்கூடத் துண்டு வேண்டுமாம், பிறக்காதவர்களுக்கு ஒன்றும் வேண்டாமாம். அம்மாக்கண்ணு நாலு நாள் சோலைமலையோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் அவன் அடுப்படியில் வந்து குந்தி, "இது மட்டும் வந்துருச்சுன்னா நாம இந்த நாட்டு ஆளுங்க, பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டு நாமளே போயிக் கூட்டியாந்துரலாம் புள்ள, ஒரு பொய்யி, ஒரே ஒரு பொய்யி" என்றான், அவளைக் கொண்டுவருவதற்காகத்தானே அவளை இல்லை என்கிறோம், சாமி கோவித்துக்கொள்ளாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு இந்தப் பெஞ்சுவரை…

கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் துரை, சிங்கள ஆள், நரைத்த மீசை, கடுமையான முகமில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் இங்கிலீசில் கேட்பதை, பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து ஐயா தமிழில் சொன்னார். சோலைமலை எல்லாவற்றுக்கும் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான். பிறகு துரை இவள் பக்கம் திரும்பினார்.

"மூத்த பிள்ளை ஆர்?"

"சின்னராசாங்க. அதுக்கு அடுத்தது நாகலெட்சுமி."

"அதுக்கு முந்தி ஒண்டும் பிறக்கேல்லையோ? இந்தியாவிலை ஒருத்தரையும் விட்டிட்டு வரேல்லையோ?"

இவள் வாய் திறப்பதற்குள் துரை கையைத் தூக்கி ஏதோ சொன்னார், மெதுவாக, வீட்டு மனுசரைப் போல. ஐயா அதைத் தமிழில் சொன்னார்: "வடிவா யோசிச்சுச் சொல்லட்டாம். இண்டைக்குச் சொல்லாத பிள்ளையைப் பிறகு உங்கடை பிள்ளையெண்டு கொண்டந்து சேர்க்கேலாதாம்."

சேர்க்க முடியாது… அப்படியென்றால் போய்க் கூட்டி வருவது? அம்மாக்கண்ணு புருசனைப் பார்த்தாள். அவன் திடுக்கிடவில்லை, இந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் தலை நிமிர்ந்திருக்க வேண்டாமா, நீளக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றான், அட படுபாவி, தெரியும், உனக்குத் தெரியும்… மூன்று என்று சொல்லிவிடு, மூத்தவள் பேர் காளியாயி என்று சொல்லிவிடு, இந்தத் துரைக்கும் பெண்பிள்ளை இருக்கும், சொன்னால் என்ன ஆகும், தள்ளிவிடுவார்கள், சின்னராசாவுக்குப் பள்ளிக்கூடம் போகும், நாகலெட்சுமி பால்குடி மறக்காத பிள்ளை, எந்தக் கப்பலில் எங்கே, இந்த இரண்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, கண்ணுக்கு முன்னால் இருப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாததை… நாக்கு குழறும், மயக்கம் வரும், அழுது காட்டிக்கொடுத்துவிடுவோம் என்றெல்லாம் வழிநெடுகப் பயந்திருந்தாள்.

"இல்லீங்க. ரெண்டுதாங்க."

சுத்தமாக வந்தது, கொழுந்து கிள்ளுவது போல. துரை தலையை அசைத்தார். முடிவு தபாலில் வரும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், மாசக்கணக்காகும் என்றார் ஐயா, அடுத்தவர் பேரைக் கூப்பிட்டாகிவிட்டது.

தெருவில் இறங்கி நடந்தார்கள். "ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றாள். "எது?" என்றான். "எதுன்னு என்னையக் கேக்காதீங்க." அவன் நின்றான். "தலைவரு சொன்னாரு. ஒங்கிட்டச் சொன்னா நீ வந்துருப்பியா புள்ள?" என்றான். வந்திருக்கமாட்டாள்தான். நடுத்தெருவில் அவன் கோட்டைப் பிடித்துக் கிழிக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் இரவல் கோட்டு… "எனக்கு மட்டும் அவ யாரு?" என்று அவன் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது, அந்த உடைந்த குரலோடு இவள் என்ன சண்டை போடுவது, யாரைப் போட்டு அடித்தால் இது சரியாகும்?

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கடைத்தெருக் கோவிலைக் கண்டதும் சோலைமலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கெடைச்சிரணும் தாயே, கெடைச்சிரணும்" என்று வாய்விட்டே வேண்டினான். அம்மாக்கண்ணுவும் கையைக் கூப்பினாள். கிடைக்க வேண்டும், பிள்ளைகள் இரண்டுக்காகவாவது கிடைக்க வேண்டும், அதைத்தான் கேட்க வந்தாள்… கிடைக்காவிட்டால் கப்பல், கப்பல் எங்கே கொண்டுபோய் விடும், அந்தப் புழுதிக்குத்தானே, அங்கேதானே அவள்… ஐயையோ, என்ன நினைப்பு இது. கண்ணைத் திறந்து பக்கத்தில் நின்ற புருசனைப் பார்த்தாள், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, தள்ளிவிடட்டும் தாயே என்று கேட்க ஆரம்பித்துவிட்ட நெஞ்சை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நின்றாள்.