ஆறாவது பாறைக்கான சரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு துக்க வீட்டில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகிறது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சித்தி அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டாள். அக்கா ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலுக்குள் நான் இருந்தேன். அன்றிலிருந்து இதை ஏழு முறை ஆரம்பித்து ஏழு முறையும் நிறுத்தியிருக்கிறேன்.

கைவிட்டவற்றில் மூன்றை மட்டும் காட்டுகிறேன்.

இணையம் மெதுவாக ஓடும் வீட்டில் இருப்பவனுக்கு உலகம் எப்போதும் சற்று முன்பே நடந்து முடிந்த

(இது கட்டுரை. யாருக்கு வேண்டும்?)

ஆற்றில் படகு போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம்

(நிஜ ஆறு என்று நினைத்துவிடுவீர்கள்.)

அப்பாவை நான் கொல்லவில்லை.

(இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அக்காவும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் ஒரு படகு விளையாட்டு ஆடினோம். அதில் நான் ஒரு சொல்லைச் சற்று முன்னதாகச் சொன்னேன். அவ்வளவுதான் கதை.

2

என்னைப் பற்றி. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்க்கிறவன். வட்டமாக வரும் கண்ணாடியைச் சட்டத்தில் உட்காரும்படி அறுத்து விளிம்பைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் போடுகிறவருக்குத் தலைவலி வரும், எனக்கு முதலாளியின் வாய் வரும். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதற்கு யாரும் வாயைத் திறப்பதில்லை.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஏழு அறைகளுக்கு ஒரே இணைய இணைப்பு. என் அறையில் அது ஒழுங்காக எட்டும் இடம் குளியலறை வாசல் ஒன்றுதான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொள்வேன். மேல்மாடிக் குடும்பம் தொடர் பார்க்க உட்கார்ந்தால் என் திரை அப்படியே நின்றுவிடும். கதாநாயகி அழுது முடிக்கும்வரை எனக்கு விமோசனம் கிடையாது.

இந்த லட்சணத்தில் முதலில் துப்பாக்கி ஆட்டம்தான் ஆடினேன். என் திரையில் நான் சுவருக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டிருப்பேன். மற்றவர்கள் திரையில் நான் செத்து இரண்டு நொடி ஆகியிருக்கும். எனக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தார்கள். எந்தக் குழுவிலும் இரண்டு ஆட்டத்துக்குமேல் என்னை வைத்துக்கொள்ளவில்லை. போய் சீட்டு ஆடுங்க அங்கிள் என்று முகம் தெரியாத ஒருவன் அன்பாகவே சொன்னான். கடைசியில் என்னோடு ஆட மிஞ்சியது அக்கா ஒருத்திதான்.

3

அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்பாவுக்காக அதை விட்டாள். அப்பா லாரி ஓட்டியவர், நல்ல உயரம், கனத்த உடம்பு. புத்தி தடுமாறிய பிறகு வண்டி எடுக்கவேண்டும் என்று நாளைக்கு நாலு முறை எழுந்து கிளம்புவார். விழுவார். அக்கா தூக்குவாள். அவளுடைய முதுகில் இரண்டு எலும்புகள் விலகியிருந்தன. அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

நான்? அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடங்களாக எல்லா மாதமும் அதைத்தான் சொன்னேன்.

தொலைபேசியில் பேசினால் அப்பா பேச்சு வரும், அது சண்டையில் முடியும். அதனால் பேசுவதையே விட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து மூன்று மணிவரை அப்பா சாப்பிட்டுத் தூங்குவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஆட்டம். ஆட்டத்தில் அப்பா பேச்சு கூடாது. இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக வந்த ஒழுங்கு.

ஒரு படகு, இரண்டு துடுப்பு. இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. வழியில் பதினொரு பாறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துடுப்பும் ஒரே நேரத்தில் விழவேண்டும், இல்லாவிட்டால் படகு கவிழும். அவள் ‘தள்ளவா?’ என்று கேட்பது என் காதுக்கு வர இரண்டு நொடி. நான் ‘சரி’ என்று துடுப்பைப் போட்டால் அது அவளிடம் போய்ச் சேர இன்னும் இரண்டு நொடி.* அதற்குள் படகு மோதி, மூழ்கி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். மூன்று வாரம் முதல் பாறையைக்கூடத் தாண்டவில்லை.

வழி கண்டுபிடித்தவள் அக்கா. பாறைகள் இடம் மாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் சற்று முன்னால் கரையில் ஏதாவது அடையாளம் இருக்கிறது. ஆறாவது பாறைக்கு ஒரு பட்டமரம்.

“மரத்தைப் பார்த்ததும் சரின்னு சொல்லித் துடுப்பைப் போட்டுடு. நான் கேட்கிறதுக்காகக் காத்திருக்காத. நான் கேட்டு முடிக்கிறதுக்கும் உன் சரி வந்து சேர்றதுக்கும் கணக்கா இருக்கும்” என்றாள்.

கணக்காகத்தான் இருந்தது. பதிலை முன்னால் அனுப்பினேன், அவள் கேள்வி பின்னால் வந்து சேர்ந்தது. நாங்கள் எட்டாவது பாறைவரை போனோம். நான் ஆமையாக இல்லாமல் இருந்தது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.

* இரண்டும் இரண்டும் நான்கு நொடி என்று எழுதிவிட்டேன். மூன்றரையாகவும் இருக்கலாம். கண்ணாடி தேய்க்கிறவன் அரைக்குக் கணக்குப் பார்ப்பான். கதை எழுதுகிறவன் பார்ப்பதில்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை. (இந்தப் பகுதியைத் தள்ளிப்போட என்னவெல்லாமோ செய்தேன். வாளியைக்கூடக் கழுவி வைத்தேன்.)

ஐந்து பாறைகள் சுத்தமாகத் தாண்டினோம். அக்கா அதிகம் பேசவில்லை. பட்டமரம் வந்தது. ‘சரி’ என்று சொல்லித் துடுப்பைப் போட்டேன். உடனே திரை நின்றது. நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது. குரலும் இல்லை. மேல்மாடியில் தொடரின் பாட்டு கேட்டது.

திரை திரும்பியபோது படகு பாறையில் குறுக்காகக் கிடந்தது. அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எனக்கு வந்தது கோபம்தான். ஒன்பதாவதை இன்றைக்குத் தொட்டிருக்கலாம். ‘ஆறுலயே கவுத்துட்டியே’ என்று எழுதி அனுப்பினேன். 

மறுநாள் மாலை அவளிடமிருந்து வந்தது: ‘அப்பாவைச் சேர்த்துட்டேன். நல்ல அறை. ஜன்னல் இருக்கு.’

முதியோர் இல்லம். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோன அன்றைக்கு அப்பா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, தன்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுவிடக்கூடாது, வீட்டிலேயே கிடந்து போகிறேன் என்று கேட்டார். இருவரும் சரி என்றோம். நான் அதைச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். அக்கா அங்கேயே இருந்தாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். பத்தொன்பது நாட்கள் அவளோடு பேசவில்லை, ஆட்டத்துக்கும் போகவில்லை, அப்பாவையும் போய்ப் பார்க்கவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பில் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். பத்தொன்பதாம் நாள் காலை, பணிப்பெண் பல் துலக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார்.

5

சித்தி கேட்டது இது: “பெத்த அப்பனைக் கொண்டுபோய் விட உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”

அக்கா சொன்னது இது: “நான் தனியா முடிவு பண்ணல சித்தி. தம்பிகிட்ட கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கல. சரின்னுட்டான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சொல்வது சுலபம் என்று சித்தி முணுமுணுத்தாள். பிறகு அக்காவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அக்காவை ஒருவர் தொட்டு ஆறுதல் சொன்னது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் அக்கா எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஆறாவது பாறைகிட்ட கேட்டேனே. என்னால முடியலடா, அப்பாவை இல்லத்துல சேர்த்துடட்டுமான்னு. உன் சரி மட்டும் அன்னைக்கு வரலைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ.”

அந்த வினாடிதான் எனக்கு விளங்கியது. திரை நின்ற அந்த நேரத்தில் அவள் கேட்டிருக்கிறாள். நான் பாறைக்கு அனுப்பிய சரி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் ‘ம்’ என்றேன்.

தேநீரைக் குடித்தேன். அந்தச் சரி என்னுடையது இல்லை என்று வாதாடலாம். இந்த ‘ம்’ என்னுடையதுதான்.

6

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் வரைவில், ‘சரின்னுட்டான்’ என்று சொல்லும்போது அக்கா என்னை நன்றியோடு பார்க்கிறாள். இரண்டாம் வரைவில் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்க்கிறாள். எது நடந்தது என்று நினைவில்லை. எந்தப் பார்வையைப் போடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கதை நின்றது.

பிறகு மூன்றாம் பகுதியை எழுதினேன். அவள் அன்று சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தேன். ‘நான் கேட்கிறதுக்காகக் காத்திருக்காத’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

நீங்கள் முன்பே கவனித்திருப்பீர்கள். எனக்குத்தான் எப்போதும் இரண்டு நொடி பிந்தும். அவள் கேட்டதைக் கேட்டு நான் சொல்லியிருந்தால் அது அவளிடம் போய்ச் சேர நான்கு நொடி ஆகியிருக்கும், ஒரு நொடிக்குள் வந்திருக்காது. அந்த வழியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பட்டமரத்தைப் பார்த்து நான் சொல்லும் சரி எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். மற்றவள் அக்கா.

அப்படியானால் அவள் என் பதிலுக்காகக் கேட்கவில்லை. வரப்போகும் ஒரு சரிக்கு முன்னால் கேள்வியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

(அல்லது முதுகு வலியிலும் தூக்கமில்லாத களைப்பிலும் அதை மறந்தே போயிருக்கலாம். இதை நம்பத்தான் ஆசை. ஆனால் எட்டுப் பாறைகளின் அடையாளத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள்.)

நேராகக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம்க்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ, அடுத்த மாசம் நான் வந்து பார்த்துக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். வந்திருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் என் வாயிலிருந்து எப்போதும் வராத ஒரு சொல்லை, அது வேறு எதற்காகவோ போய்க்கொண்டிருந்தபோது, வழியில் நிறுத்தி எடுத்துக்கொண்டாள். இதற்காக அவள்மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுபோய் விட்ட வெட்கம் மட்டும்தான் வருகிறது, அது நாளுக்கு நாள் கூடுகிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, நான் உண்மையைச் சொல்கிறேன். தம்பியும் சம்மதித்தான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள். அதையும் பிடுங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அப்பாவைக் கொண்டுபோய் விட்டவள் அவள் ஒருத்தி மட்டும்

(முடிக்க முடியவில்லை.)

இரண்டாம் முடிவு: சொல்லவில்லை. கடைசிவரை ‘ம்’ தான். கதையைக் கிழித்துப் போடுகிறேன்.

மூன்றாம் முடிவு: அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இருவரும் வயதாகிச் சாகும்வரை, ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பேசாமல் இருக்கிறோம். மூன்றில் இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. 

நான்காவதாக, அப்பா உயிரோடு இருக்கும் முடிவு ஒன்றும் எழுதிப் பார்த்தேன். அதிலும் நான் அடுத்த மாதம் வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

8

ஒரு விஷயத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தேன். என் கதைகளை முதலில் படிப்பவள் அக்கா. எழுதியதும் அவளுக்கு அனுப்புவேன். முடிவு சரியில்லை என்பாள். மாற்றுவேன். அதற்குப் பிறகுதான் பத்திரிகைக்குப் போகும். இன்று காலைகூடக் கேட்டிருக்கிறாள்: ‘ஏதோ எழுதுறேன்னியே, முடிஞ்சுதா? எப்ப அனுப்புவ?’

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா போன பிறகு முதன்முறையாக அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. படகு கரையில் நிற்கிறது, அவள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னும் ஏறவில்லை. இந்த இணைப்பில் படம் ஒழுங்காகப் போகாது, குரல் பிந்தித்தான் போகும். எழுத்து மட்டும், கேடுகெட்டது, தொட்ட உடனே போய்விடும்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கவேண்டும். அக்கா படித்துவிட்டு அனுப்பு என்றிருப்பாள். இல்லையென்றால் முதன்முறையாக அவளைத் தாண்டிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறேன். எது என்று நான் சொல்லப்போவதில்லை. இப்போது சொன்னால் அதுவும் முன்னால் அனுப்பிய பதிலாகிவிடும். உங்களுக்கு எது தாங்குமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஒருவேளை நீ இதுவரை வந்திருந்தால், உனக்கு என்னிடம் கேட்க ஏதோ இருக்கும். கேள். மரத்தைப் பார்த்ததும் சொல்லிவிட மாட்டேன். உன் கேள்வி முழுதாக வந்து சேரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். படகு கவிழ்ந்தால் கவிழட்டும்.

நான்கு நொடி ஆகும். பொறுத்துக்கொள்.