இருபத்தேழாம் எண் நீலத்தொட்டி

நாய் இல்லாத வீட்டுக்கு நாய்ப்படுக்கை வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலையில். வேன்காரர் போனதும் ஜேனிஸ் அந்தப் பெரிய அட்டைப்பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து, கத்தரிக்கோல் தேடவும் பொறுமையில்லாமல் வீட்டுச் சாவியாலேயே ஒட்டுநாடாவைக் கீறித் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில், ஒரு கன்றுக்குட்டியே கால் நீட்டிப் படுக்கலாம் போலத் தடித்த மெத்தை. மேலே ஒரு சீட்டு: வாழ்த்துகள், நீங்கள் வெற்றி பெற்றிருக்கிறீர்கள். அதை அவள் மூன்று முறை படித்தாள். ஐம்பத்தொன்பது வயதுவரை தேவாலயக் குலுக்கலில் ஒரு சோப்புக்கட்டிகூட அவள் பேருக்கு விழுந்ததில்லை.

அவள் கணவர் நெவில் தேநீர்க் கோப்பையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாய் எங்க?"

"நாயெல்லாம் தரமாட்டாங்க. படுக்கை மட்டும்தான் பரிசு."

"அப்ப இதுல யாரு படுக்கறதாம்?"

"நீதான். அளவு சரியாத்தான் இருக்கும்."

நெவில் குனிந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார். காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஆயிரம் குற்றம் சொல்லியிருப்பார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. "நல்ல பஞ்சாத்தான் வச்சிருக்கான்" என்றார். அன்று மாலையிலிருந்து தொலைக்காட்சி பார்க்கும்போது இரண்டு காலையும் அதில்தான் வைத்துக்கொண்டார்.

இந்தப் போட்டிப் பித்தை ஜேனிஸுக்குத் தொற்ற வைத்தவள் பெவ். பள்ளிச் சமையற்கூடத்தில் பதினாறு வருடமாக ஜேனிஸோடு சேர்ந்து உருளைக்கிழங்கு மசிப்பவள். பெவ் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிவப்புத் துடுப்புப் படகு உண்டு. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவள் அவள். படகு பரிசாக வந்தது. ஒரு வருடத்துக்கான பாலாடைக்கட்டி, பூனை உணவு நாற்பது டப்பா, தொப்பியில் விளக்கு எரியும் தோட்டக் குள்ளன் பொம்மை என்று அவள் வெற்றிப் பட்டியல் நீளம். மே மாதம் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஜேனிஸின் போனைப் பிடுங்கி, போட்டிகளுக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்தாள்.

"இங்க பாருடி. தினமும் காலைல டீயோட அரை மணி நேரம். அதுக்கு மேல வேணாம், தலை சுத்தும். எழுதிப் போட்டதை மறந்துடணும். வேண்டாத அஞ்சல்னு ஒரு மூலைல தள்ளி வைக்கும் பாரு, அதையும் தினம் பாக்கணும், நல்ல சேதி அங்கதான் கிடக்கும். ஜெயிச்சீங்க, பணம் கட்டுங்கன்னு வந்தா அது களவாணிப்பய வேலை, தொடாத. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, பொருள் வாங்கிச் சேர்ற போட்டின்னா ரசீதைத் தூரப் போடாத. ரசீது இல்லன்னா பரிசு இல்ல. என் அக்கா ஒருத்தி ரசீதுல மூக்கைச் சிந்திப் போட்டுட்டு ஒரு காரையே விட்டா."

ஜேனிஸ் இப்படித்தான் தொடங்கினாள். முதல் மாதம் ஒன்றுமில்லை. ஜூனில் நாய்ப்படுக்கை. அப்புறம் ஒற்றை பீர்க் கோப்பை, கத்தரிக்காய் விதைப் பொட்டலம், தலைமுடியை நிமிர்த்தி நிறுத்தும் களிம்பு ஆறு குப்பி. கடைசியாக வந்ததை நெவில் தன் வழுக்கையில் ஒரு சொட்டுத் தடவி, "எங்க நிமிருது?" என்று கேட்டார். ஜேனிஸ் சிரித்துக் கண்ணீர் துடைத்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது.

ஏனென்றால் மார்ச் மாதம் நெவில் சந்தைக்குள், பன்றியிறைச்சிப் பணியாரக் கடை வரிசையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தக்குழாய் சரியாகிவிட்டது, இனி நன்றாக நடக்கவேண்டும் என்றார் மருத்துவர். குழாய் சரியாயிற்று, மனிதர் சரியாகவில்லை. முப்பத்தொரு வருடம் ஹாலிஃபாக்ஸ் ஊரின் மேடு பள்ளமெல்லாம் பேருந்து ஓட்டியவர், தினமும் காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து கேட் வரை பதினோரு எட்டு நடப்பார். கேட்டின் இரும்பை ஒருமுறை தொடுவார். கடைசி நிறுத்தம் வந்துவிட்டதுபோலத் திரும்பிவிடுவார். செவ்வாய்க்கிழமைகளில் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவதும் அதே கேட் வரைதான். ஜேனிஸ் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "நாளைக்கு" என்பார். பழைய சிநேகிதர்கள் போன் செய்து நெவில் இருக்கிறாரா என்று கேட்கும்போது, "இருக்காரு, எங்க போகப்போறாரு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. அலுப்பு என்று பேர்தானே தவிர அது பயம். இந்த மனிதர் இப்படியே பதினோரு எட்டுக்குள் வயதாகிப் போய்விடுவாரோ என்ற பயம்.

இதை ஒருநாள் பெவ்விடம் சொல்லி அழுதாள். பெவ் துடைத்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன் ஆளு ஓசின்னா ஃபினாயிலையும் குடிப்பாரே."

உண்மைதான். யாரோ இலவசச் சீட்டுக் கொடுத்தார்கள் என்பதற்காக ஒரு பின்னல் கண்காட்சியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேநீர்க்கெண்டிக்குக் கம்பளிக் குல்லாய் பின்னுவதைப் பார்த்துவிட்டு வந்தவர் நெவில். கிடைத்ததை வீணாக்குவது அவர் வீட்டில் பாவம். ஜேனிஸுக்கு அன்றைக்குத்தான் வழி பிடிபட்டது. படுக்கையும் களிம்பும் அப்புறம். இனி ஊர்ப்பயணம் கொடுக்கும் போட்டிகள்தான்.

ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை, கும்பிரியாவில் ஏரிக்கரை விடுதி, படகில் ஒரு வாரம் என்று எழுதித் தள்ளினாள். ஒன்றும் வரவில்லை. செப்டம்பரில் ஓர் இஞ்சி பிஸ்கட் கம்பெனி, விட்பி கடற்கரையில் இருவருக்கு இரண்டு இரவு என்று அறிவித்தது. இரண்டு பொட்டலம் வாங்கவேண்டும், உங்களுக்கு ஏன் இந்த விடுமுறை வேண்டும் என்று பதினைந்து சொல்லுக்குள் எழுதவேண்டும். மற்றவர்கள் கவிதை எழுதுவார்கள், எதுகை மோனை தேடுவார்கள். ஜேனிஸுக்கு அதெல்லாம் வராது. தேநீர் ஆறுவதற்குள் உள்ளதை எழுதி அனுப்பினாள். ரசீதைக் குளிர்பெட்டி மேலிருந்த காலி கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவுக்குள் மற்ற ரசீதுகளோடு போட்டாள். பெவ் சொன்னபடி மறந்தும் போனாள்.

அக்டோபர் கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜேனிஸ் கேரட் சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேலேயே வைத்தாள்.

"ஜேனிஸ் ஓக்டன்தானே பேசறது? நான் லூசி, பிஸ்கட் கம்பெனிலேருந்து. விட்பி போட்டியில நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க. நீங்க எழுதினதைப் படிச்சு ஆபீஸே சிரிச்சுதுங்க. படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று ஜேனிஸ் சொல்வதற்குள் லூசி படித்துவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் கேட்டைத் தாண்ட மாட்டார், ஓசியில் வந்ததை விடவும் மாட்டார்."

கதவோரம் செய்தித்தாளோடு நின்ற நெவில் தாளை மெதுவாக இறக்கினார். ஜேனிஸுக்குக் காதுமடல் சுட்டது. சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஊருக்கே எழுதிப் போட்டுட்டியா?" என்றார் நெவில்.

"பதினஞ்சு வார்த்தைக்குள்ள வேற என்னய்யா எழுதறது?"

நெவில் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்தார். "காலைச் சாப்பாட்டோடவா?" என்று கேட்டார்.

"காலைச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு ரெண்டும் சார்" என்றாள் லூசி. "ஒரே ஒரு வேலை பாக்கி. ரசீதைப் படம் எடுத்து இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க. இல்லன்னா விதிப்படி அடுத்தவங்களுக்குப் போயிடும். நான் லைன்லயே இருக்கேன், வேணும்னா இப்பவே பாருங்களேன்."

ஜேனிஸ் குளிர்பெட்டி மேல் கையைத் துழாவினாள். ரொட்டி வைக்கும் டப்பா இருந்தது, பழைய வானொலி இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள்.

"நெவில், இங்க ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா இருந்துச்சே?"

"காலி டப்பாவா? வானொலிக்குப் பின்னால கிடந்து இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. நேத்து மிதிச்சுத் தட்டையாக்கி நீலத்தொட்டியில போட்டேன்."

அந்த வீட்டில் குப்பை நெவிலின் ராஜாங்கம். பேருந்து ஓட்டுவதை விட்டபின் அவருக்கு எஞ்சிய ஒரே உத்தியோகம். காகிதத்துக்கு நீலம், போத்தலுக்குப் பழுப்பு. காலி டப்பாவைக் கண்டால் அவர் கால் தானாக எழும். அப்படிப்பட்டவர் வீட்டில், உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல, காலி டப்பாவுக்குள் ரசீதை ஒளித்து வைத்த தன் புத்தியை ஜேனிஸ் என்னவென்று சொல்வாள்.

"யோவ், அதுக்குள்ளதான்யா ரசீது."

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு ஓடினார்கள். கேட்டருகே நீலத்தொட்டி இல்லை. அவர்கள் தெரு செங்குத்தான சரிவு, குப்பை லாரி ஏறித் திரும்ப முடியாது. முன்னாலேயே இரண்டு பேர் வந்து, எல்லா வீட்டுத் தொட்டிகளையும் உருட்டிக்கொண்டுபோய்க் கீழ் முனையில் வளைவுக்கு அப்பால் வரிசையாக நிறுத்துவார்கள். லாரி அங்கேதான் வரும். அது பின்னோக்கி வரும் மணியோசை கீழிருந்து இப்போதே கேட்டது.

ஜேனிஸ் ஒரு கால் செருப்பைக் கழற்றி ஷூவைத் தேடினாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதற்குள் வாசற்கதவு திறந்து மூடியது.

நெவில் தொப்பி இல்லாமல், கட்டம்போட்ட வீட்டுச் செருப்போடு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பதினோரு எட்டு. கேட்டுக்கு வந்ததும் வழக்கம்போல இரும்பைத் தொட்டார். கை அங்கேயே நின்றது. ஜேனிஸ் ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் அசையாமல் நின்றாள். ஓடினால் முந்திவிடுவாள், அவளுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் நகரவில்லை. விட்பி போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் அவள் மனதார நினைத்தாள்.

நெவில் கேட்டைத் திறந்தார்.

முதல் நாலு எட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் சுவரை விட்டார். சரிவு அவரை இழுத்தது, நடை வேகமாயிற்று. முப்பத்தொரு வருடம் பேருந்துக்குக் குறுக்கே வந்தவர்களை அதட்டிய அந்தக் குரல், மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக, தெருவெங்கும் கேட்டது.

"ஏய், நிறுத்துங்கப்பா. இருபத்தேழு. இருபத்தேழாம் நம்பர் தொட்டியைத் தொடாதீங்க."

கீழிருந்து யாரோ பதில் கொடுத்தார்கள். "என்ன பெருசு, தங்கத்தையா போட்டீங்க?"

"ஓசியில வந்ததுடா. தங்கத்தை விடப் பெருசு."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் திரை விலகியது. நெவிலின் ஒரு செருப்பு கழன்று தெரு நடுவே கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கால் சாக்ஸோடு வளைவில் திரும்பி, மறைந்துபோனார். காலி டப்பாக்கள் சரியும் சத்தமும் இரண்டு மூன்று ஆண்களின் சிரிப்பும் கேட்டன. அதில் ஒன்று நெவிலுடையது என்று ஜேனிஸ் சத்தியம் செய்வாள்.

மேசைமேல் போனிலிருந்து குரல் வந்தது. லூசியை அவள் மறந்தே போயிருந்தாள்.

"ஹலோ, மிஸஸ் ஓக்டன்? இருக்கீங்களா? ரசீது கிடைச்சுதா?"

"தெரியலம்மா" என்றாள் ஜேனிஸ். கன்னத்தைக் கேரட் வாசனை அடிக்கும் கையாலேயே துடைத்துக்கொண்டாள். "கேட்டுச் சொல்றேன், கொஞ்சம் பொறு. எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு."

வெளியே காற்று அடித்தது. அகலத் திறந்து கிடந்த கேட் ஒருமுறை உள்ளே வந்து, மூடாமல், திரும்பவும் தெருப்பக்கம் போயிற்று.