ஆபீசர் பழக்கம்

தாளாளரின் கார் கல்லூரிக் கேட்டுக்குள் நுழைந்ததும் நாகராசுவின் கை தானாக நெற்றிக்குப் போனது. கருப்புக் கண்ணாடிக்கு உள்ளே தாளாளர் இருக்கிறாரா, டிரைவர் மட்டும்தான் வருகிறானா என்று தெரியாது. தெரிந்தாலும் கை நிற்காது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் பழகிய கை. பென்சனோடு ஊருக்கு வந்து, அறந்தாங்கி ரோட்டில் இருக்கும் இந்த இன்ஜினியரிங் கல்லூரியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கார் போனதும் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகன் உதயசூரியன்.

"அப்பா, லிஸ்ட் வந்துருச்சு. என் நம்பர் இருக்குப்பா. அக்னிவீர் செலக்ட் ஆயிட்டேன்."

பையன் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை அவர் மூன்று வருஷமாகக் கேட்டதில்லை. "டூட்டில இருக்கேன். வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

வல்லத்திராக்கோட்டையில் நாகராசு என்று கேட்டால் எந்த நாகராசு என்பார்கள். மிலிட்டரி நாகராசு என்றால் டீக்கடைக்காரரே எழுந்து வந்து வீட்டைக் காட்டுவார். ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெடல்களைக் குத்திக்கொண்டு, மீசைக்கு மை போட்டுக்கொண்டு போவார். பார்டரில் எப்படி சார் இருக்கும் என்று வாத்தியார்கள் கேட்டால், "குளிரு சார். அதெல்லாம் வாயால சொல்ல முடியாது" என்பார். பொய் இல்லை. குளிர்தான். ஆனால் அந்தக் குளிரில் அவர் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, மேஜர் வீட்டு நாயின் சங்கிலி. இந்த ஒன்றை மட்டும் அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி செவந்தியிடம்கூட.

பதினேழு வருஷத்தில் பதினோரு வருஷம் ஆபீசர் வீடுகளில் ஆர்டர்லி. பூட்ஸுக்குப் பாலிஷ், யூனிபார்முக்கு இஸ்திரி, குளிக்க வெந்நீர், ஆபீசரம்மாவுக்குக் காய்கறி, குழந்தைக்குப் புத்தகப் பை. ஒரு ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் இவரைக் கைகாட்டிவிட்டுப் போவார். "நல்ல ஆள். வீட்டில் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. ஒரு சத்தம் வராது." இவர் வாங்கிய பெரிய சர்டிபிகேட் அதுதான். அது மெடலாக வராததால் சட்டையில் குத்திக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் பார்ட்டியில், மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு லெப்டினென்ட் உள்ளே வந்தான். அவன் அப்பா வயசுள்ள சுபேதார் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு விறைத்து நின்றார். கதவோரம் டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகராசு அன்றைக்கே முடிவு பண்ணினார். என் மகன் இந்தப் பக்கம் நிற்கக் கூடாது. அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

பையனும் சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே ஆபீசர் வேலைக்கான என்.டி.ஏ. பரீட்சை எழுதி பாஸ் பண்ணிவிட்டான். அடுத்தது பெங்களூரில் இன்டர்வியூ. ஐந்து நாள் கூடவே தங்க வைத்து, ஆள் எப்படி என்று பார்ப்பார்களாம். கையில் ஒரு மாசம் இருந்தது. கோச்சிங்குக்கு அனுப்பலாமா என்று செவந்தி கேட்டபோது நாகராசு சிரித்துவிட்டார். "இந்த ஜில்லாவுலயே ஆபீசருங்களை என்னயவிட பக்கத்துல பார்த்தவன் எவன் இருக்கான்? நான் பழக்குறேன்."

பார்த்தது உண்மைதான். எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தோம் என்பதை மட்டும் மனுஷன் யோசிக்கவில்லை.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் சாஸரோடு கப் வாங்கி வந்தார். கதவை எப்படித் தட்டுவது, உள்ளே போய் எத்தனை அடியில் நிற்பது, உட்காரச் சொல்லும்வரை எப்படி உட்காராமல் இருப்பது, கையைப் பின்னால் கட்டுவது, ஒவ்வொரு பேச்சு முடிவிலும் சார் போடுவது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வாய் வைக்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கி எடுப்பதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. எவர்சில்வர் தட்டு சத்தம் போடாமல் இருக்காது. பெரியது அடியில், சின்னது மேலே, கட்டைவிரலால் மேல் தட்டை அழுத்தி, அடியில் நாலு விரல். சத்தம் வந்தால் திரும்ப முதலிலிருந்து. "இதுல வரலைன்னா பீங்கான்ல வரவே வராது" என்பார். பார்த்துக்கொண்டே இருந்த செவந்தி ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, ஆபீசருங்க அவங்க சாப்ட தட்டை அவங்களா எடுப்பாங்க?"

"ஒனக்கு என்னடி தெரியும்? டிசிப்ளின்னா அதான்."

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு ரயில் ஏறியவன் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் நின்றான். "முதல் நாளே ஸ்கிரீனிங்ல போயிருச்சுப்பா." என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று நாகராசு தலைகீழாக நின்று பார்த்தார். பையன் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் எதிலும் சேராமல் ஊரைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தான். அடுத்த வருஷம் புதுக்கோட்டையில் பி.எஸ்.சி. சேர்ந்தான், என்.சி.சி.யிலும் சேர்ந்தான். இப்போது கடைசி வருஷம்.

நாகராசுவுக்குப் போன உயிர் அந்த என்.சி.சி.யில்தான் திரும்பி வந்திருந்தது. டிகிரியும் முடித்து, சி சர்டிபிகேட்டும் எடுத்துவிட்டால் எழுத்துப் பரீட்சையே கிடையாது, நேரே ஆபீசர் இன்டர்வியூதான் என்று என்.சி.சி. பார்க்கும் லக்ஷ்மணன் சார் சொல்லியிருந்தார். அந்தச் சாரைப் பார்க்க இவர் ரெண்டு தடவை லீவு போட்டுவிட்டுப் போனார். இங்கே அப்பன் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அங்கே மகன் யாரிடமும் சொல்லாமல் அக்னிவீருக்கு எழுதி, ஓடி, மெடிக்கலும் முடித்திருக்கிறான். நாலு வருஷச் சிப்பாய் வேலை. நாலு வருஷம் கழித்து நாலு பேரில் ஒருத்தனை வைத்துக்கொண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது சேர்ந்தால் டிகிரி பாதியில் நிற்கும், டிகிரி நின்றால் ஆபீசர் இன்டர்வியூவும் நிற்கும். டிகிரி முடியட்டும் என்று இருந்தாலோ, அடுத்த ஆள் எடுப்புக்குள் இருபத்தொரு வயசு தாண்டி இந்தக் கதவு மூடிவிடும்.

திங்கட்கிழமை காலை ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு திருச்சி ஆபீஸில் இருக்க வேண்டும். சர்டிபிகேட்டுகள் நாகராசுவின் பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செவந்தி கோழிக்குழம்பு வைத்திருந்தாள். அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"சாவி வேணும்ப்பா" என்றான் உதயசூரியன்.

"எதுக்கு? நாலு வருசம் கழிச்சு இங்கிட்டு வந்து என் பக்கத்துல கேட்டுல நிக்கவா?"

"நின்னா என்ன? நீங்க நிக்கிறீங்கல்ல."

"நான் நிக்கிறேன்னுதான்டா சொல்றேன்!" என்று நாகராசு கத்தினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "ஒரு வருசம்டா உதயா. ஒரே ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்க. சி சர்டிபிகேட்ட எடு, டிகிரிய முடி. பரீட்சை கூடக் கெடையாது, நேரா இன்டர்வியூ. போன தடவ என்னவோ ஆயிப்போச்சு. இந்தத் தடவ நான் இன்னும் நல்லா பழக்கி விடுறேன்."

பையன் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"வேணாம்ப்பா. நீங்க பழக்குனது போதும்."

மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை அவன் அன்றைக்குத்தான் திறந்தான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நாகராசு தாங்கியிருப்பார். யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னான். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். அப்புறம் பதினைந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, கலந்து பேசி ஒரே கதையாக முடிவு பண்ணுங்கள் என்றார்கள். ஒரு பையன் கொஞ்சம் பிந்தி வந்தான். யாரோ கர்னல் மகனாம். அவனைப் பார்த்ததும் இவன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு நாற்காலி எடுத்துவரப் போனான். வருவதற்குள் பேச்சு பாதி முடிந்திருந்தது. மற்றவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். யாரும் முடிக்கவில்லை. கடைசியில் அந்தக் கர்னல் மகன் இவனைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டான். இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஸ் சார் என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"அப்பறம் ரிசல்ட் சொல்றதுக்கு முன்னாடி டீயும் சாண்ட்விச்சும் குடுத்தாங்க. எங்க மேசையில எட்டுப் பேரு. எல்லாரும் தின்னுட்டு அப்பிடியே எந்திரிச்சுப் போயிட்டானுங்க. நான் எட்டுத் தட்டையும் அடுக்கி எடுத்துட்டுப் போனேன்ப்பா. அங்க பரிமாறுன அண்ணன் ஒருத்தர் தமிழ் ஆளு. வாங்கிக்கிட்டாரு. என் கையப் பாத்தாரு. தம்பி, ஒங்கப்பா ஆபீசர் வீட்ல ஆர்டர்லியா இருந்தாரான்னு கேட்டாரு."

நாகராசு வாயிலிருந்த சோற்றை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"நான் இல்லைன்னு சொன்னேன். எங்கப்பா பார்டர்ல இருந்தாருன்னு சொன்னேன். அவரு தோள்ல தட்டிக் குடுத்தாரு. ரயில்ல வர்றப்ப யோசிச்சுப் பாத்தேன். எல்லாம் வெளங்கிப்போச்சு."

கரண்டியோடு நின்றிருந்த செவந்தி மகனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "என்னங்க சொல்றான் இவன்?"

நாகராசு தட்டைப் பார்த்துக் குனிந்தார். அதுவே பதிலாக இருந்தது. செவந்தி அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். டி.வி.யில் பார்டரைக் காட்டிய நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கியதில்லை. கைப்பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஐந்து வருஷம் மஞ்சச் சேலையோடு பூக்குழி இறங்கியவள் அவள்.

"ஒங்க உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நெருப்புல நடந்தேனே. நாயி கடிச்சிரக் கூடாதுன்னா நடந்தேன்?" என்றாள். நாயைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். அது போய்ச் சரியாகப் பட்டது. நாகராசு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"விடும்மா" என்றான் உதயசூரியன். "அப்பா, நான் போயி துப்பாக்கி புடிக்கணும். எவனாச்சும் வீட்டு வேலைக்கு வாடான்னா, முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் போறேன்."

"நானும் அப்பிடித்தான்டா நெனச்சுப் போனேன்." நாகராசு முதல் தடவையாக மகன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "வேண்டாம்னு சொல்ற மாதிரி யாரும் கேக்க மாட்டாங்கடா. மொத நாளு ஒரு டீ போட்டுத் தர்றியாம்பாங்க. அவ்வளவுதான். டீக்கு எவனாச்சும் முடியாதும்பானா? ஆபீசராப் போயிருடா. எனக்காக இல்ல. ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா?" பையன் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்த ரூம்ல எல்லாரும் உக்காந்திருந்தானுங்க. அவனவன் வீட்டுல உக்காந்திருக்க மாதிரி உக்காந்திருந்தானுங்க. எனக்கு உக்காரவே வரலப்பா. அடுத்த வருசம் மட்டும் வந்துருமா?"

மகனை ஆபீசராக்க ஆசைப்பட்டு, கையோடு ஒரு ஆர்டர்லியைச் செய்து பெங்களூருக்கு அனுப்பி வைத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க நாகராசுவுக்குத் தன் கைகளையே பார்க்கப் பிடிக்கவில்லை. இடது கையால் வேட்டி மடிப்பை விலக்கி, அரைஞாண் கயிற்றில் முடிச்சைத் தேடினார். நாள்பட்ட முடிச்சு, ஒற்றைக் கையால் அவிழ்க்க நேரம் பிடித்தது. அவிழ்த்த சாவியைத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பெட்டி அங்கிட்டுதான் இருக்கு. போறதுன்னாலும் இருக்கறதுன்னாலும் நீயே முடிவு பண்ணிக்க. இனிமே நான் ஒனக்கு ஒண்ணும் சொல்லித் தரமாட்டேன்."

உதயசூரியன் சாவியைப் பார்த்தான். எடுக்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டு முடித்தான். செவந்தி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, இருவருக்கும் மோர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள்.

பையன் எழுந்தான். மனம் வேறெங்கோ இருந்திருக்க வேண்டும். அப்பாவின் பெரிய தட்டை எடுத்து, அதன் மேல் தன் தட்டை வைத்து, அதன் மேல் குழம்புக் கிண்ணத்தை வைத்தான். கட்டைவிரல் மேலே அழுத்தியது, நாலு விரல் அடியில் போனது. அப்படியே கொல்லைப்பக்கக் குழாயடிக்கு நடந்தான். சாவி செம்புக்குப் பக்கத்தில் கிடந்தது. நாகராசு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவையாவது உரசிவிடாதா, கை நழுவி ஒன்றாவது கீழே விழுந்து உருளாதா என்று காத்திருந்தார். கொல்லையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தட்டுச் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.