கிரஷர் தூசி

அகல்யா ஜியாலஜி படிக்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி கிடைக்கவில்லை, ஜியாலஜி கிடைத்தது. அவள் அப்பா ரத்தினவேலுக்கோ தலைகால் புரியவில்லை. "எம் பொண்ணு கல்லுக்குப் படிக்கிறா" என்று ஜுக்கிக் குடிசைப் பகுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருமல் விட்ட நேரத்தில்தான் அதையும் சொல்ல முடிந்தது.

கல்யாணமான கையோடு கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து தில்லிக்கு வந்தவர் அவர். நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு கல் கிரஷரில் அவரும் மனைவி வீராயியும் வேலை பார்த்தார்கள். அவர் மெஷினுக்குள் கல்லைத் தள்ளுவார். அவள் கீழே நின்று ஜல்லியைக் கூடையில் அள்ளுவாள். கோர்ட்டு உத்தரவில் கிரஷர்களை மூடிய பிறகு வீராயி மோதி பாக் குவார்ட்டர்ஸ்களில் வீட்டுவேலைக்குப் போனாள். ரத்தினவேல் கொஞ்ச காலம் கட்டட வேலை பார்த்தார். பிறகு மூச்சு வாங்கியது. டிஸ்பென்சரியில் டி.பி. என்றார்கள். ஒரு சுற்று மாத்திரை முடிந்தது, இன்னொரு சுற்றும் முடிந்தது. இருமல் மட்டும் போகவில்லை. "பீடி, பீடின்னு குடிச்சு நெஞ்சைப் பொசுக்கிக்கிட்டாரு" என்று வீராயி திட்டுவாள். அவர் எதிர்த்துப் பேச மாட்டார். தன்னால்தான் குடும்பம் இந்த நிலைக்கு வந்தது என்று அவரும் நம்பினார்.

இரண்டாம் வருஷம், குளிர் தொடங்கிய சமயம். பாறையைக் கண்ணாடி போல மெல்லியதாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய வகுப்பு. மல்ஹோத்ரா மேடம் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தார்.

"இது நம்ம தில்லி ரிட்ஜ் குன்றுகளின் கல். பெரும்பாலும் சிலிக்கா. இந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். கிரஷரில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். பாதிப் பேருக்கு டி.பி. என்று தப்பாக மருந்து கொடுக்கிறார்கள்."

மற்றவர்கள் ஒருவர் மாஸ்க்கை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அகல்யா கையிலிருந்த கல்லை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரமே அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மேடம் சொன்னதையே டாக்டரும் சொன்னார். சிலிகோசிஸ். இதைக் குணமாக்க மருந்து இல்லை.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கட்டிலைப் போட்டு அவரை உட்கார வைத்தபோது தானாக வாயில் வந்துவிட்டது.

"அப்பா, உங்களுக்கு இது பீடியால வரலே. டி.பி.யும் இல்லே. கிரஷர் தூசிப்பா."

அவர் அவளையே பார்த்தார்.

"நெசமாவா?"

"டாக்டரே சொன்னார்."

"பீடி இல்லியா?" என்று மறுபடி கேட்டார். முகம் லேசாகத் தெளிந்தது. "நான்தான் என்னைக் கெடுத்துக்கிட்டேன்னு இத்தினி வருசமா..." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அகல்யாவுக்கு, சொன்னது நல்லதுதான் என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, அடி குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வீராயியின் பக்கம் அவர் பார்வை போனது. அப்படியே நின்றுவிட்டது.

"அவளும் அங்கதானே இருந்தா" என்றார் மெதுவாக. "எனக்கு மேல தூசி தின்னவ அவ."

அகல்யாவுக்கு அது உறைக்கவே இல்லை, அதுவரை. ஒரு மாதமாக அம்மாவும் விடியற்காலையில் இருமிக்கொண்டிருந்தாள். குளிர் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"அம்மாவை இட்டுக்கினு போ. ஜல்தி போ" என்று அன்று முழுக்க அவர் மகளை நச்சரித்தார். வீராயி அசையவில்லை. "எனக்கு என்னா கேடு? மொதல்ல உங்க அப்பாவப் பாரு" என்றாள். ஒவ்வொரு நாளும் அவர் கேட்பார்; ஒவ்வொரு நாளும் அவள் நாளைக்கு என்பாள். ஜனவரி மூடுபனியில் ஒரு காலை, மூச்சுக்குத் தவித்துத் தவித்து, மனைவியின் கையைப் பிடித்தபடியே அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் வீராயி தானாகவே வந்து, "வா, போவலாம். அந்த மனுசன் கேட்டுக்கிட்டே செத்தாரு" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கணவனுடைய படத்தை வீராயி பார்த்திருக்கிறாள். இதிலும் அதே வெள்ளைப் புள்ளிகள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒன் படிப்பு எப்ப முடியும்?" என்று மகளைக் கேட்டாள்.

"அடுத்த வருஷம்மா."

"அதுவரைக்கும் தாங்குமான்னு கேளு."

தில்லியிலேயே பிறந்து வளர்ந்து, இந்தி சரளமாகப் பேசும் அகல்யாவுக்கு அதை டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. வீராயி வேலைக்குப் போன வீடுகளில் கற்ற இந்தியில் தானே கேட்டாள். டாக்டர் படத்தைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார்.