இரும்பு மாத்திரையின் கறுப்பு

மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். தெருவில் எனக்கு 'அரை டாக்டர்' என்று பேர். கேலிக்குத்தான் வைத்தார்கள், எனக்கோ உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமைதான் என் தம்பியைக் கவிழ்க்கப் பார்த்தது.

தம்பி தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். நாள் முழுக்க முட்டி போட்டு வேலை, சாயங்காலம் இரண்டு முட்டியும் வீங்கிப் போகும். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தது ஐந்து நாளைக்கு. ஆறாவது நாள் என் கடை வாசலில் வந்து நின்றான். "அக்கா, அதே மாத்திரை." அட்டையில் பத்து வெட்டி, காகித உறையில் போட்டு, மேலே 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்தேன். சொந்தத் தம்பியிடம் போய் டாக்டர் சீட்டு கேட்க முடியுமா? இப்படியே ஒரு வருடம் ஓடியது.

இடையில் மழைக்காலம். இரண்டு மாதம் அவனுக்கு வேலை இல்லை, முட்டி வலியும் இல்லை. அப்போதும் வந்தான்.

"வலிதான் இல்லையேடா, எதுக்கு மாத்திரை?"

போனை நீட்டினான். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உணவுக்குழாயிலும் வயிற்றிலும் புற்றுநோய் வருவது குறைவாக இருப்பதாக ஏதோ ஆய்வுச் செய்தி.

எங்கள் அப்பா உணவுக்குழாய்ப் புற்றுநோயில் போனார். கடைசி மூன்று மாதம் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஸ்பூனில் ஊட்டிப் பார்த்தது தம்பிதான். அன்றிலிருந்து ஒரு வாய் சாப்பாடு தொண்டையில் நின்றாலே இவனுக்கு முகம் செத்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு கத்திரிக்கோலை எடுத்தேன். இந்த மாதிரி நானும் கேள்விப்பட்டிருக்கிறேனே என்று எனக்கே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றான். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தம் கம்மி. அரை டாக்டராச்சே, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். பத்து நாள் கழித்து, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து காதோடு சொன்னான்.

"அக்கா, வெளிக்குப் போனா கருகருன்னு போகுது. தார் மாதிரி."

"இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான்டா போகும். இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றியே!"

சிரித்துக்கொண்டே போனான். நானும் சிரித்தேன். எப்போதிலிருந்து என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு வீட்டுக் குளியலறையில், குழைத்து வைத்த சிமெண்டு மேலேயே மயங்கி விழுந்தான். கூட இருந்த கொத்தனார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். நான் போனபோது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, வயிற்றில் பெரிய புண், ரத்தம் அதிலிருந்துதான் கசிந்திருக்கிறது என்றார். புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

"கறுப்பாப் போறது எப்போ ஆரம்பிச்சுது?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர்."

நான் இரும்பு மாத்திரை கொடுத்துப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியானால் அந்தக் கறுப்பு இரும்பு மாத்திரையால் வந்ததே இல்லை.

"வலி மாத்திரை யாரு குடுத்தா?"

"ஏதோ கடையில வாங்கினேன்," என்றான் தம்பி, என் பக்கம் திரும்பாமல்.

"அந்த ஏதோ கடை நான்தான்," என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தம்பி போனில் பார்த்த அந்த ஆய்வுச் செய்தியைச் சொன்னதும், "அது ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பாத்துச் சொல்றது. உங்க ஒருத்தர் வயித்துக்கு அது உத்தரவாதம் இல்ல. இந்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும், வலியையும் மறைச்சிடும். இனிமே தொடாதீங்க," என்றார்.

எட்டு நாள் காத்திருந்தோம். கடையில் கத்திரிக்கோலைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை. அப்பாவுக்கு வந்தது இவனுக்கும் வந்திருந்தால், அதை வெளியே தெரியாமல் மூடி வைத்தவள் நான். 

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, வெறும் புண், ஆறிவிடும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டினான்.

"பாத்தியாக்கா, கேன்சர் இல்ல. மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

அழுகை அப்படியே நின்றுவிட்டது. "அடப்பாவி!" என்று அவன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். அளவு டேப், பென்சில், நடுவில் ஒரு காகித உறை. உள்ளே மூன்று மாத்திரை.

"இன்னுமா வெச்சிருக்கே? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஆனா அவங்களை எனக்கு ஒரு வாரமாத்தானே தெரியும்? நீ இன்னும் வேணாம்னு சொல்லலையேக்கா."

உறையைத் திருப்பினேன். 'சாப்பாட்டுக்குப் பின்' என்று என் கையெழுத்து.

"வேணாம்டா," என்றேன்.

"சரிக்கா," என்றான். ஒரு மறுபேச்சுப் பேசவில்லை.